எண்பது ஆண்டுகள் பேசாதிருந்தவர்

ஹாரி பேட்ச் 111 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் போர்முனையில் கழிந்தது நான்கு மாதம்கூடத் தேறாது. 1917 ஜூனில் பிரான்சில் போய் இறங்கினார். செப்டம்பர் 22 இரவு வெடிகுண்டுச் சில்லு பாய்ந்து விழுந்தார். அத்தோடு அவருடைய போர் முடிந்துவிட்டது. ஆனால் 2009 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் வெல்ஸ் நகரத்து முதியோர் இல்லமொன்றில் அவர் கண்மூடியபோது, உலகம் அவரை அந்த நான்கு மாதங்களை வைத்துத்தான் அறிந்திருந்தது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் நின்று சண்டையிட்டவர்களில், எந்த நாட்டுப் படையை எடுத்துக்கொண்டாலும், எஞ்சியிருந்த கடைசி ஆள் என்று செய்திகள் வந்தன.

மீதி ஆண்டுகளில் அவர் குழாய் பொருத்தினார். கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பையன்களை வளர்த்தார். ஏறக்குறைய அறுபது வருஷம் கூட வாழ்ந்த மனைவியைப் புதைத்தார். பிறகு இரண்டு மகன்களும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பட்டாளத்துக்காரரின் நெடிய வாழ்வை நினைவுகூர உட்காரும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நான்கு மாதத்தை வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே வரவிடாமல் எண்பது வருஷம் நிறுத்தி வைத்திருந்தாரே, போர்க்களத்தில் அவர் செய்த எதைவிடவும் கடினமான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அது சரியான காரியமா என்பது வேறு கேள்வி. அதற்கும் வருகிறேன்.

பாத் நகரை ஒட்டிய கூம் டவுன் என்ற ஊரில் 1898 ஜூன் 17 அன்று பிறந்தவர். அப்பா கல்தச்சர். பள்ளியை விட்டதும் பையன் ப்ளம்பர் வேலை பழகப் போனான். அண்ணன் ஏற்கெனவே ராணுவத்தில் இருந்தார். 1914இல் மோன்ஸ் சண்டையில் காயம்பட்டு வந்து, அங்கே உள்ளது உள்ளபடி தம்பியிடம் சொன்னார். சேற்றையும் எலியையும் பேனையும் அண்ணன் வாயால் கேட்ட பிறகு ஹாரிக்குப் பட்டாளத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட ஆசையில்லை. ஊர்ப் பையன்கள் கொடி பிடித்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்த காலத்தில் இவர் கொடுக்கவில்லை. 1916இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் அழைப்பாணையும் வந்தது. அப்போது வயது பதினெட்டு. தானாகப் போகவில்லை, கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதைக் கடைசிவரை அவர் ஒளித்ததில்லை.

டியூக் ஆஃப் கார்ன்வால் காலாட்படையின் 7ஆம் பட்டாலியனில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழு ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். குழுவுக்கு ஐந்து பேர். முதலாமவர் சுடுபவர். இரண்டாமவரான ஹாரி உதிரிப் பாகங்களைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும், துப்பாக்கி மக்கர் செய்தால் நொடியில் சரிசெய்ய வேண்டும். மற்ற மூவரும் தோட்டா சுமப்பவர்கள். இந்த ஐந்து பேரும் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை. தாழச் சுடுவது, காலைப் பார்த்துச் சுடுவது. மேலதிகாரி யாருக்கும் தெரியாத ஒப்பந்தம் அது. இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்கள், கொல்வதற்கென்றே செய்த எந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசி வைத்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த ஐவர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அவர் சொன்ன ஒரு விவரம் போதும். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பார்சல் அவ்வப்போது வரும். அதில் ஒரு அவுன்ஸ் புகையிலை, இருபது இருபதாக இரண்டு பாக்கெட் சிகரெட், கொஞ்சம் மிட்டாய், கேக். பார்சல் யார் பெயருக்கு வந்தாலும் ஐந்து பேருக்கும் பொது. ஹாரியும் முதலாமவரும் பைப் பிடிப்பவர்கள், ஆகவே புகையிலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். சிகரெட் மற்ற மூவருக்கு. ஆளுக்குப் பதின்மூன்று. நாற்பதில் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று முறை வைத்து, இந்தத் தடவை ஒருவனுக்கு, அடுத்த தடவை வேறொருவனுக்கு. பார்சலில் காலுறை வந்திருந்தால், யாருடைய காலுறை கிழிந்திருக்கிறதோ அவனுக்கு. நூறு வயதைக் கடந்த மனிதர் பதின்மூன்றையும் மீதி ஒன்றையும் நினைவில் வைத்திருந்தார். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை கெஜம் முன்னேறினோம் என்ற புள்ளிவிவரங்களை விடாமல் அடுக்கும் போர் வரலாறுகள் எதிலும் இப்படியொரு கணக்கு இருக்காது.

பெல்ஜியத்தில், ஈப்ர் நகருக்கு அருகே, பாசென்டேல் என்று இன்று சொல்லப்படும் பெருஞ்சண்டை அந்த வருஷம் ஜூலை 31 தொடங்கி நவம்பர் 10 வரை நடந்தது. ஆகஸ்டில் கொட்டிய மழையில், குண்டுகள் உழுது போட்ட நிலம் முழுக்கச் சேற்றுக் குட்டையானது. விழுந்தவன் எழாமலே மூழ்கினான். ஆகஸ்ட் 16 அன்று ஹாரியின் பட்டாலியன் லாங்கமார்க் ஊரை நோக்கி, ஸ்டீன்பீக் என்ற ஓடையைக் கடந்து முன்னேறியது. வழியில் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து கிடந்த சக வீரன் ஒருவன் தன்னைச் சுட்டுவிடும்படி கெஞ்சினான். இவர் ரிவால்வரை எடுப்பதற்குள் அவன் உயிர் பிரிந்தது. போகும்போது ‘அம்மா’ என்று சொன்னான். வலியில் கூப்பிட்ட குரலாக ஹாரிக்கு அது படவில்லை. எதிரே வந்து நிற்பவளைக் கண்டு கூப்பிட்டது போல இருந்ததாம். சாவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்ற நம்பிக்கை அவருக்கு அந்த இடத்தில் வந்தது, பிறகு போகவில்லை.

அதே தாக்குதலில் ஒரு ஜெர்மானியன் துப்பாக்கிக் கத்தியை நீட்டிக்கொண்டு இவரை நோக்கி ஓடி வந்தான். தோளில் சுட்டார். துப்பாக்கி கீழே விழுந்தும் அவன் நிற்கவில்லை, கத்திக்கொண்டே வந்தான். கொல்வதா விடுவதா என்று முடிவெடுக்கச் சில நொடிகள்தான். கணுக்காலுக்கு மேலே ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று. அவன் விழுந்தான். கொல்லாமல் விட்டுவிட்டார். இந்தக் கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் ஹாரி பேட்சை ஒரு மகானாக்கிவிடலாம். அவர் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் என் குழு நண்பர்கள் மூவர் செத்தார்கள், அதற்குப் பிறகு அவன் எதிரே வந்திருந்தால் யோசிக்காமல் கொன்றிருப்பேன் என்றும் சேர்த்தே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் நம்புகிறேன்.

செப்டம்பர் 22 இரவு, முன்வரிசையிலிருந்து ஓய்வுக்காகப் பின்வாங்கி வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே குண்டு வெடித்தது. பின்னால் வந்த மூவரும், தோட்டா சுமந்த அந்த மூவரும், சிதறிப்போனார்கள். ஹாரிக்கு அடிவயிற்றுக்குக் கீழே சில்லு பாய்ந்தது. மயக்க மருந்து இல்லை. நான்கு பேர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள மருத்துவர் அதை அறுத்து எடுத்தார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு, இதுவரை வைத்திருந்ததே போதும், தூக்கிப் போடுங்கள் என்றாராம்.

செப்டம்பர் 22 என்ற தேதி சென்னைக்காரர்களுக்கும் அந்நியமல்ல. 1914இல் அதே தேதி இரவில்தான் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் வந்து துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல் பதித்திருக்கிறார்கள். அதே போரின் இன்னொரு தடமும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில், பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ, சிறிய வெள்ளைக் கல்லொன்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டப்பட்டிருக்கும். இந்த ஊரிலிருந்து பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இரண்டு எண்கள். பெயர் கிடையாது. மெசபடோமியாவுக்கும் பிரான்சுக்கும் போய்த் திரும்பிய அந்த மனிதர்கள் மறுபடி ஏர் பிடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், திண்ணையில் உட்கார்ந்து கிழவர்களானார்கள். அவர்கள் கண்டதில் நம் கைக்கு வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். ஹாரி பேட்சைப் படிக்கும்போது அந்தக் கல்லில் உள்ள முதல் எண்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. செத்தவர்களைக் கழித்தால் மிஞ்சுகிறவர்கள், வீடு திரும்பி வாய் திறக்காதவர்கள்.

ஹாரியும் வீடு திரும்பி வாய் திறக்கவில்லை. காயம் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் சந்தித்த பெண்ணைப் போர் முடிந்தபின் மணந்துகொண்டு, விட்ட வேலையைத் தொடர்ந்தார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1925இல் திறக்கப்பட்ட வில்ஸ் நினைவுக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் ப்ளம்பராக வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். எண்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அவருக்குக் கிடைத்த பதக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்தப் பட்டம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கையால் செய்த வேலைக்கு வந்த மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது போர்முனைக்குப் போகிற வயதைக் கடந்திருந்தார். பாத் நகரில் துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைத் தாக்கியபோது, மறுபடியும் குண்டுகளுக்கு அடியில் நின்று தீயை அணைத்துக்கொண்டிருந்தார். 1963இல் ஓய்வு பெற்றார்.

இத்தனைக்கும் நடுவில் 1917ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவியிடம்கூடப் பேசியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். போர்ப் படங்கள் எதையும் பார்த்ததில்லை.

நம் ஊர்களில் பட்டாளத்துக்காரர் வீடு என்று ஒன்று இருக்கும். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய இரும்புப் பெட்டி பரணில் கிடக்கும். அவர் காஷ்மீர்ப் பனியைப் பற்றிச் சொல்வார், சப்பாத்தியைப் பற்றி, ரயிலில் மூன்று நாள் வந்ததைப் பற்றி, அதிகாரி ஒருவர் இந்தியில் திட்டியதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். பேரப்பிள்ளை மடியில் ஏறிக்கொண்டு, “தாத்தா, நீங்க எத்தனை பேரச் சுட்டீங்க?” என்று கேட்கும். அவர், “போடா, போய்ப் படி” என்பார். அந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரும் துருவுவதில்லை. அடுப்படியில் இருக்கும் பாட்டிக்கு மட்டும் தெரியும், சில இரவுகளில் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பது.

ஹாரியின் மனைவிக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடிவயிற்றின் கீழே தழும்போடு இருக்கும் புருஷனுடன் அறுபது வருஷத்தை ஒட்டி வாழ்ந்தவர் அவர். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு நாள் இந்த மனிதர் வேறு எங்கோ போய்விடுகிறார் என்பதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்? கேட்காமல் இருப்பதும் ஒரு வேலை. தாம்பத்தியத்தில் அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள், அதற்கு எங்கும் கல் பதிப்பதில்லை. ஹாரியின் மௌனத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சேற்றின் ஒரு துளியும் தன் பிள்ளைகள்மேல் படக் கூடாது என்று எண்ணிய தகப்பனின் அன்பு அதில் உண்டு. ஆனாலும் அவருடைய வாழ்வில் நிகழ்ந்த மிகப் பெரிய துக்கத்தில் அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடைக்காமலே போயிற்று. பார்சலில் வந்த ஒற்றைச் சிகரெட்டைக்கூடப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவர் இதை மட்டும் பகிரவில்லை. 1976இல் அந்த மனைவி காலமானார், ஒன்றும் கேட்காமலே. ஹாரியின் மௌனத்துக்கு இந்த விலையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பாதிதான் நினைவுகூர்ந்தவர்களாவோம்.

1998இல் அவருக்கு நூறு வயதானது. முதல் உலகப்போரின் வீரர்களில் எஞ்சியிருப்பவர்களைத் தேடிக்கொண்டு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வெல்ஸ் முதியோர் இல்லத்தில் அவருடைய அறைக்கு எதிரே இன்னொரு அறை. பணிப்பெண்கள் இரவில் அங்கே போய் விளக்கைப் போடுவார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் ஹாரிக்கு அந்த வெளிச்சம் குண்டு வெடிக்கும் வெளிச்சம். எண்பது வருஷமும் எங்கேயும் போகவில்லை, அந்த ஒரு ஸ்விட்சுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் பேசத் தொடங்கினார்.

பேசியவை அதிகமில்லை. அவரது நேர்காணல்களைத் தொடர்ந்து பார்த்தால் ஏழெட்டு நிகழ்ச்சிகள்தான் திரும்பத் திரும்ப வரும், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். பதுங்குகுழியின் துவாரம் வழியாக அவர் பார்த்த இரண்டு தெருநாய்கள் அதில் ஒன்று. ஒரு பிஸ்கட்டுக்காக அவை உயிரைக் கொடுத்துக் கடித்துக்கொண்டிருந்தன. நாகரிகம் பெற்ற இரண்டு தேசங்கள் எதற்காக இப்படிக் கடித்துக்கொள்கின்றன என்று அந்தப் பத்தொன்பது வயதில் அவருக்குத் தோன்றியது. பதில் கிடைக்கவேயில்லை. போரை மூட்டிய அரசியல்வாதிகள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும் என்பார். சட்டம் அனுமதித்த படுகொலைக்கு மேல் அது வேறொன்றுமில்லை என்பார். போர் முடிந்த நாளான நவம்பர் 11இல் நடக்கும் அணிவகுப்புகளில் அவருக்கு ஈடுபாடு இல்லை. செப்டம்பர் 22தான் அவருடைய நினைவு நாள். அன்று தனியாக இருந்துகொள்வார். வயதானவர் சொன்னதையே சொல்கிறார் என்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அதில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. தன்னைக் கதாநாயகனாக்க வந்தவர்களிடம் புதிய கதை எதையும் அவர் தரவில்லை. மூன்று நண்பர்களின் சாவை மட்டும் மறுபடியும் மறுபடியும் கொடுத்தார்.

2004இல் பெல்ஜியத்துக்குப் போனார். அங்கே சார்ல்ஸ் குன்ட்ஸ் என்ற 107 வயது மனிதரைச் சந்தித்தார். அல்சேஸ் பகுதிக்காரரான அவர் 1917இல் அதே பாசென்டேலில் ஜெர்மன் தரப்பில் நின்று போரிட்டவர். அவர் தன் ஊர் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தார். ஹாரி தன் ஊரான சாமர்செட்டின் ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொடுத்தார். ஒருவரையொருவர் கொல்லாமல் விட்டவர்களாகவே அவர்கள் இருவரும் இருந்திருக்கலாம். 2008இல் மறுபடியும் போய், ஸ்டீன்பீக் ஓடைக்கரையில், தான் 1917இல் கடந்த இடத்தில், தன் செலவில் வைத்த நினைவுக்கல்லைத் திறந்துவைத்தார்.

அவர் பேசத் தொடங்கிய பிறகான பத்துப் பதினோரு வருஷத்தில் அவரைப் பற்றி பிரிட்டனின் அன்றைய அரசவைக் கவிஞர் ஆண்ட்ரூ மோஷன் கவிதை எழுதினார். அவர் இறந்த பிறகு ரேடியோஹெட் இசைக்குழு பாட்டு வெளியிட்டது. பிரான்ஸ் தன் உயரிய விருதைக் கொடுத்தது. இவற்றைவிட எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. முதல் மனைவி போனபின், எண்பது வயதைத் தாண்டி அவர் மறுமணம் செய்துகொண்டார். நான்கைந்து வருஷத்தில் அந்த மனைவியும் இறந்தார். பிறகு முதியோர் இல்லத்தில் டோரிஸ் என்ற மூதாட்டியோடு நெருக்கம் உண்டாகி, 2007இல் அவர் இறக்கும்வரை இருவரும் துணையாக இருந்தார்கள். குடும்பஸ்தன் என்பது பிள்ளைகள் தலையெடுத்ததும் கழற்றி மாட்டிவிடுகிற சட்டையல்ல போலும் அவருக்கு. நூறு வயதுக்குமேல், சாவு வாசலில் நிற்கிறது என்று தெரிந்தும், இன்னொரு மனிதருக்காகக் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்க ஒருவருக்கு முடிந்திருக்கிறது.

அரசு மரியாதையோடு அடக்கம் செய்வது பற்றிப் பேச்சு வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். 2009 ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் தேவாலயத்தில் சடங்கு நடந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிரிட்டன், பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நான்கு நாட்டு ராணுவத்திலிருந்தும் நாட்டுக்கு இருவர் நடந்தார்கள். சடங்குக்கான வாள்கூட ஒருவர் இடுப்பிலும் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை, அப்படியே நடந்தது. ஜெர்மன் தூதரகத்தின் பிரதிநிதி விவிலியம் வாசித்தார். பாத் அருகே மங்க்டன் கூமில், தாய் தகப்பனும் அண்ணனும் கிடக்கும் இடத்தருகே, அவரைப் புதைத்தார்கள்.

அவருடைய நினைவுகளை ரிச்சர்ட் வான் எம்டன் என்ற எழுத்தாளர் கூட இருந்து எழுத, 2007இல் புத்தகமாக வந்து நன்றாக விற்றது. அதில் கிடைத்த பணத்தைக் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு ஹாரி கொடுத்தார். அவர்கள் ஒரு மீட்புப் படகு வாங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘டோரிஸ் அண்ட் ஹாரி’.